மணி அடிச்சாச்சு

அத்தியாயம் 11

சரளா டீச்சரைப் போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்த இடம் ஞாபகம் இருக்கும். லிங்கராஜபுரத்து மாடி வீடு, கையில் போன், மறுமுனையில் எடுக்காத மகள். மூன்று ஞாயிறாக அதே கதைதான். ரூபினி ஒன்றும் கடல் கடந்து போய்விடவில்லை. இதே பெங்களூரில் சர்ஜாபூர் ரோட்டில்தான் குடியிருக்கிறாள். ஆனால் லிங்கராஜபுரத்திலிருந்து அங்கே போய்ச் சேரும் நேரத்தில் ஓசூருக்கே போய்க் காப்பி குடித்துவிடலாம். நடுவில் மனசும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

புதன்கிழமை காலை ஆறரை மணி. சரளா கமலம்மாவாகிக்கொண்டிருந்தாள்.

வெளுத்த நூல் சேலை, ரப்பர் வளையல், எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய கொண்டை. கமலம்மா, வயது ஐம்பத்தெட்டு, தையல் மெஷின் மிதிப்பவள், மாடி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது. மருத்துவக் கல்லூரிக்காரர்கள் அனுப்பிய ஒரு பக்கத் தாளில் இவ்வளவுதான் இருந்தது. மீதியைச் சரளா தானாகவே சேர்த்துக்கொண்டாள். இடது கை ஆள்காட்டி விரலில் ஊசி குத்திய தழும்பு, பேசும்போது மடியில் இல்லாத துணியை நீவிவிடும் பழக்கம்.

நாற்பத்து மூன்று வருஷமாக இதுதான் பிழைப்பு. பத்தொன்பது வயதில் ஜீவனஹள்ளி திருவிழா மேடையில் ஆரம்பித்தது. அப்புறம் கன்டோன்மென்ட் நாடகக் குழுக்கள், தெருமுனையில் போலியோ சொட்டு மருந்து நாடகம், டப்பிங் குரல், கன்னட சீரியல்களில் மாமியார். அந்த மாமியார்களில் நாலு பேர் திரையிலேயே செத்தார்கள், ஒருத்தி இரண்டு தடவை. இதற்கு நடுவே இருபத்திரண்டு வருஷம் பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாடக டீச்சர். ரிட்டயர் ஆன பிறகு ஐ.டி. கம்பெனிப் பயிற்சி வகுப்புகளில் கோபக்கார கஸ்டமர் வேஷம் கட்டினாள். இப்போது நோயாளி. டாக்டர் பரீட்சைக்கு வரும் பிள்ளைகள் அவளைக் கேள்வி கேட்டு, தொட்டுப் பார்த்து, என்ன வியாதி என்று சொல்ல வேண்டும். எட்டு நிமிஷத்துக்கு ஒரு மணி அடிக்கும். அடித்ததும் அடுத்த பிள்ளை உள்ளே வரும்.

மணி என்றால் சரளாவுக்கு ஒரு தனி அர்த்தம் உண்டு. பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்புக்கு ஒரே சட்டம்தான். மணி அடிக்கும்வரை நீ ராஜா, நீ திருடன், நீ பிணம். மணி அடித்துவிட்டால் நீ நீதான், அதற்குப் பிறகு யாரும் நடிக்கக் கூடாது. ஒத்திகையில் யாருக்காவது நிஜமாகவே அடிபட்டால் “மணி அடிச்சாச்சு” என்று கத்த வேண்டும். உடனே ராஜாவும் பிணமும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவார்கள்.

அந்தச் சட்டம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ரூபினி மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால் உட்கார்ந்தே வளர்ந்தவள். அம்மாவின் அழுகை மூச்சு, கோப மூச்சு, சாவு மூச்சு எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கடைசி பெஞ்சுக்குக் கேட்காத மூச்சு வீண் என்பது அம்மாவின் பாடம். ஆனாலும் குழந்தைக்குச் சந்தேகம் வரும் இல்லையா? அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்துக் கேட்பாள்: “அம்மா, மணி அடிச்சாச்சா?” அடிச்சாச்சு என்று சரளா சொல்லிவிட்டால் அது சத்தியம்.

பதினோரு வருஷமாக ரூபினி அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. காரணம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும், சரளா பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை இல்லை அது.

பதினெட்டுப் படி இறங்கி வந்தபோது கீழ் வீட்டு பிரிஜெட் பால் பாக்கெட்டோடு வாசலில் நின்றிருந்தாள். வீட்டுச் சொந்தக்காரி.

“என்னாக்கா, இன்னிக்கு யாரு?”

“கமலம்மா. டெய்லர்.”

“இறங்கறதுக்கே மூச்சு வாங்குது. இப்பவே ஆரம்பிச்சிட்டீங்களா?”

“ரிகர்சல்,” என்று சிரித்தாள் சரளா.

ரிகர்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு மாதமாகவே படி அவளைப் படுத்திக்கொண்டிருந்தது. வயசு என்று நினைத்து விட்டுவிட்டாள். சொல்லிக்கொள்ளத்தான் யார் இருக்கிறார்கள்? மேடைக்கு விளக்கு போட்டுக்கொண்டிருந்த கணவர் அப்பாதுரை போய்ப் பதிமூன்று வருஷமாகிறது. போன வாரம் கல்லூரியில் நடந்த ஒத்திகையில் அந்த மூச்சிரைப்பை அப்படியே கமலம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள். பரீட்சையைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர் சேஷகிரி, “பிரமாதம் மேடம், ரொம்ப நேச்சுரல்,” என்று பாராட்டினார். அந்தப் பாராட்டு இரண்டு நாளைக்கு அவளுக்குச் சாப்பாட்டுக்குத் துணையாக இருந்தது.

பரீட்சைக் கூடத்தில் திரை போட்டுப் பிரித்த பத்துத் தடுப்புகள். சரளா ஐந்தாவது தடுப்பில், கழுத்தில் ‘கமலம்மா, 58’ என்று அச்சடித்த அட்டையோடு படுத்திருந்தாள். மூலையில் மார்க் தாளோடு சேஷகிரி.

ஏழு பிள்ளைகள் வந்து போனார்கள். எல்லோரும் நன்றாகவே கேள்வி கேட்டார்கள். ஸ்டெதஸ்கோப்பை மட்டும் ஒரு சாஸ்திரத்துக்கு வைத்து எடுத்து, “ஹார்ட் நார்மல் சார்,” என்றார்கள். நடிக்க வந்த அம்மாவின் நெஞ்சில் என்ன இருந்துவிடப் போகிறது?

எட்டாவதாக வந்த பெண்ணின் பெயர் ஸ்வர்ணா. கோட்டின் கை அவள் விரல் நுனிவரை வந்தது. அவள் வைத்த ஸ்டெதஸ்கோப்பை லேசில் எடுக்கவே இல்லை. கழுத்தெலும்புக்குக் கீழே வைத்தாள், கழுத்தில் வைத்தாள், மறுபடி கீழே வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“சார், ஹார்ட்ல ஒரு மர்மர் சத்தம் இருக்கு. கழுத்து வரைக்கும் கேக்குது.”

சேஷகிரி நிமிரவில்லை. “இல்லாததை எல்லாம் கேக்காதீங்க. கேஸ் ஷீட்ல ஹார்ட் சவுண்ட்ஸ் நார்மல்.” மார்க் தாளில் பேனா ஒரு கோடு போட்டது.

பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. சரளாவின் பக்கம் குனிந்து, “அம்மா, இதையும் நீங்க நடிக்கிறீங்களா?” என்றாள்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். சரளா எழுந்திருக்கவில்லை. வேஷத்தில் இருக்கும்போது எதிராளி என்ன சொன்னாலும் அதை வாங்கி ஆட்டத்தைத் தொடர வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். மடியில் இல்லாத துணியை நீவினாள்.

“ஏன் கண்ணு, பெரிய வியாதியா? தைக்கக் குடுத்த ஜாக்கெட்டுங்க அப்படியே கெடக்குதே, நான் என்னா பண்ணுவேன்?”

மணி அடித்தது. ஸ்வர்ணா நகரவில்லை.

“மணி அடிச்சாச்சும்மா. இப்ப சொல்லுங்க. இந்தச் சத்தத்தை நடிக்க முடியுமா?”

அந்த இரண்டு சொல்லைச் சரளாவிடம் யாரும் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகிறது. இந்தப் பெண் எதையும் தெரிந்து சொல்லவில்லை. அடித்த மணியைத்தான் சொன்னாள். ஆனாலும் கமலம்மா அந்த நிமிஷமே எழுந்து போய்விட்டாள். கட்டிலில் சரளா மட்டும் இருந்தாள்.

“முடியாதும்மா,” என்றாள். “அதெல்லாம் எனக்குத் தெரியாது.” பிறகு மூலையைப் பார்த்து, “டாக்டர், நீங்களும் ஒரு தடவை வெச்சுப் பாருங்க,” என்றாள்.

சேஷகிரி வைத்துப் பார்த்தார். முகத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ள அவர் பட்ட பாட்டைச் சரளா கீழேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பாவம், நடிப்பு வராதவர். அடுத்த பிள்ளையை வெளியிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, மார்க் தாளில் போட்ட கோட்டை அடித்துத் திருத்தினார்.

பக்கத்துக் கட்டடமே ஆஸ்பத்திரி. மதியம் ஒரு மணிக்குள் ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் முடிந்துவிட்டது. இதயத்தின் ஒரு வால்வு நன்றாகச் சுருங்கிவிட்டதாம். நாளைக் காலை எட்டு மணிக்கு வந்து படுக்க வேண்டுமாம், இன்னும் சில பரிசோதனைகள், அநேகமாக இந்த வாரமே ஆபரேஷன்.

“அதுவரைக்கும் மாடி ஏறாதீங்க. கூட யாரு வருவாங்க?” என்று கேட்டார் சேஷகிரி.

“மக இருக்கா,” என்றாள் சரளா. அந்த வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு ஆசையாகக்கூட இருந்தது.

வாடகைக் காரில் ஏறி ரிப்போர்ட்டைப் பிரித்தபோதுதான் பார்த்தாள். பெயர்: கமலம்மா. வயது: 58. எக்கோ எடுத்த பெண் கழுத்து அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டுவிட்டாள். இவளும் கழற்ற மறந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொன்னால், “நாளைக்கு கவுண்டர்ல திருத்திக்கலாம் மேடம்,” என்றார்கள். சரளாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அதையே போட்டோ எடுத்து ரூபினிக்கு அனுப்பினாள். போன் செய்தாள். வழக்கம்போல எடுக்கவில்லை.

மருமகன் ஹரிஷ்குமாரைக் கூப்பிட்டாள். கன்னடக்காரப் பிள்ளை, தமிழைக் கொஞ்சம் கன்னடம் தொட்டுப் பேசுவான்.

“அத்தே, ஹேளி. ஊட்டா ஆய்த்தா?”

“சாப்பிட்டாச்சுப்பா. ரூபினி போனே எடுக்க மாட்டேங்கறா. கொஞ்சம் அவசரம். பக்கத்துல இருக்காளா?”

“நான் இப்ப... கெங்கேரி சைடு இருக்கேன் அத்தே. மெசேஜ் போடறேன், கூப்பிடச் சொல்றேன்.”

“வேலையா அவ்ளோ தூரம்?”

“ஹூம் அத்தே. வேலைதான்.”

பத்து நிமிஷத்தில் ரூபினி கூப்பிட்டாள்.

“சொல்லு.”

சரளா சொன்னாள். முடிந்தவரை சாதாரணமாகச் சொன்னாள். மறுமுனையில் ரூபினி போட்டோவைப் பார்க்கிறாள் போலிருந்தது.

“கமலம்மா யாரும்மா?”

“அது இன்னிக்கு நான் போட்ட வேஷம். கார்டைப் பார்த்து அந்தப் பொண்ணு எழுதிட்டா...”

“வயசு ஐம்பத்தெட்டு.”

“அதுவும் கார்டுல இருந்ததுதான் ரூபி.”

ரூபினி சிரித்தாள். “போன தடவை வெறும் நெஞ்சு வலி. இந்தத் தடவை ரிப்போர்ட், சீல், கையெழுத்து. நாடக ப்ராப்பர்ட்டி எல்லாம் நல்லா முன்னேறியிருக்கு.”

“டாக்டர் நம்பர் தரேன். நீயே பேசு.”

“பேசுவாரு. உன் கூட இருக்கறவங்க எல்லாரும் நல்லாத்தான் பேசுவாங்க.”

போன தடவை என்று ரூபினி சொன்னது இதைத்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ரூபினிக்கும் ஹரிஷுக்கும் நிச்சயதார்த்தம். சரளாவுக்கு இஷ்டமில்லை. வேற்று மொழிக்காரன் என்று வெளியே சொன்னாள். உண்மையில், புருஷனும் போய் மகளும் போனால் வீட்டில் தனியாக என்ன செய்வது என்ற பயம். முதல் நாள் சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். ரூபினி ஓடி வந்து தோளைப் பிடித்துக் கேட்டாள்: “அம்மா, மணி அடிச்சாச்சா?” சரளா கண்ணைத் திறந்து மகளைப் பார்த்து, “அடிச்சாச்சு கண்ணு,” என்றாள்.

நிச்சயதார்த்தம் நின்றது. ஒரு வாரத்தில் குட்டு உடைந்தது. ரூபினி அழவில்லை, சண்டை போடவில்லை. ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு, அப்புறம்தான் தகவல் சொன்னாள். பொங்கலுக்கும் உகாதிக்கும் இரண்டு பேருமாக வந்துவிட்டு, சாப்பிட்டு, பேருக்குப் பேசிவிட்டுப் போவார்கள். தனியாகிவிடுவோம் என்று பயந்து ஆடிய நாடகம் சரளாவைத் தனியாக்கிவிட்டது.

இப்போது காருக்குள் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. “ரூபி, மணி அடிச்சாச்சு,” என்றாள்.

“அந்த வார்த்தையைச் சொல்லாதே.” ரூபினி இடைமறித்தாள். “எது வேணாலும் சொல்லு. அதை மட்டும் சொல்லாதே.”

போன் வைக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்தவள் பதினெட்டுப் படியையும் மூன்று தடவை உட்கார்ந்து ஏறினாள். போனுக்குச் சார்ஜர், மாற்றுப் புடவை, பல் பிரஷ் என்று ஒரு பையில் எடுத்து வைத்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து மகளுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பப் பார்த்தாள்.

முதல் தடவை பேசிவிட்டுப் போட்டுக் கேட்டாள். சீரியல் மாமியார் பேசினாள். அழித்தாள். இரண்டாவதில் பள்ளிக்கூட டீச்சர். மூன்றாவதில் கண்ணீரை அடக்கிக்கொள்ளும் தாய், டப்பிங் தியேட்டரில் எத்தனையோ பேருக்குக் கொடுத்த குரல். ஆறு தடவை பேசி ஆறையும் அழித்தாள். எந்த வாக்கியத்தை எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று நாக்குக்கே தெரிந்திருந்தது. வீட்டுக்குள் இத்தனை பேர் இருந்தார்கள், மகளிடம் பேச ஒரு சரளா இல்லை. அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

கடைசியில் டைப் செய்தாள்.

‘நிச்சயத்துக்கு முதல் நாள் நான் நடிச்சேன். மணி அடிச்சாச்சுன்னு பொய் சொன்னேன். தப்பு என்னுடையது. மன்னிச்சுடு. நாளைக்கு நீ வர வேண்டாம்.’

பதினோரு வருஷத்தில் அவள் இதைச் சொன்னதே இல்லை. சாக்கு சொல்லியிருக்கிறாள், சமாதானம் பேசியிருக்கிறாள், மாம்பழம் வாங்கி அனுப்பியிருக்கிறாள். அனுப்பிவிட்டுப் போனை மேசையிலேயே சார்ஜில் போட்டாள். பதில் வராத போனைப் பார்த்துக்கொண்டிருக்கத் தெம்பில்லை. மெதுவாகக் கீழே இறங்கிப் போனாள்.

பிரிஜெட் விஷயத்தைக் கேட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். “காலையில நான் வரேன். நீங்க இனிமே மேல ஏறக் கூடாது, இங்கேயே படுங்க,” என்று சொல்லி, ஆஸ்பத்திரி ஃபாரத்தை வாங்கி நிரப்ப ஆரம்பித்தாள். பெயர், முகவரி எல்லாம் எழுதியவள் ஒரு இடத்தில் நின்றாள்.

“கூட வர்றவங்க உறவுமுறைன்னு கேக்குதேக்கா. என்னா எழுத?”

“கீழ் வீடுன்னு எழுது.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் சரளாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஆள் கிடைத்துவிட்டது, அது இல்லை அவள் குறை. நிஜமாகவே வலிக்கும்போது வலிக்கிறது என்று சொன்னால் நம்புவதற்கு மகள் இல்லை.

அப்போது மாடியில் போன் அடித்தது.

“நான் எடுத்துட்டு வரேன், நீங்க இருங்க,” என்று பிரிஜெட் எழுந்திருப்பதற்குள் சரளா படியில் இருந்தாள். இந்த நேரத்தில் அவளைக் கூப்பிட ஊரில் ஒரே ஒருத்திதான் உண்டு. டாக்டர் சொன்னது, பிரிஜெட் கத்துவது எதுவும் காதில் விழவில்லை. பதினெட்டுப் படியையும் ஒரே மூச்சில் ஏறினாள்.

போனை எடுத்துவிட்டாள். ஹலோ என்று சொல்ல முடியவில்லை.

“அம்மா, மெசேஜ் பார்த்தேன்.” ரூபினி அழுதிருந்தாள், குரலில் தெரிந்தது. “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லு. மணி அடிச்சாச்சா?”

எந்தக் கேள்விக்காகப் பதினோரு வருஷம் காத்திருந்தாளோ அந்தக் கேள்வி வந்துவிட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இரைப்புதான் வந்தது. நெஞ்சுக்குள் யாரோ முழங்காலை வைத்து அழுத்தினார்கள். இந்த மூச்சு கேட்டால் மறுபடியும் நடிப்பு என்று நினைத்துவிடுவாளே என்ற பயத்தில் போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

“அம்மா? லைன்ல இருக்கியா? ஏன் போனைத் தள்ளிப் பிடிக்கறே?”

சரளா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுமுனையில் ரூபினி கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்ட அதே குழந்தை.

“நடிக்கும்போது நீ மூச்சை மறைக்க மாட்டியேம்மா,” என்றாள் கடைசியில். “கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கும். உக்காரு. பேசாதே. காலையில நான் வரேன். நான் மட்டும்தான் வருவேன்.”

“ஹரிஷ்...” சரளாவுக்கு அந்த ஒரு சொல்தான் வந்தது.

“ஹரிஷ் கெங்கேரியில அவங்கம்மா வீட்டுல இருக்காரு. போயி பத்து மாசம் ஆச்சு. சொன்னா நீ அன்னிக்குச் செஞ்சது சரின்னு ஆயிடுமேன்னு சொல்லல. பேசினா கண்டுபிடிச்சுடுவியோன்னு போனை எடுக்கல. பொங்கலுக்கு ரெண்டு பேரும் வந்து உன் எதிர்லயே நடிச்சோம், நீ கவனிக்கவே இல்ல.” ரூபினி மூக்கை உறிஞ்சினாள். “மணி அடிச்சாச்சும்மா.”

பிரிஜெட் படியேறி வரும் சத்தம் கேட்டது. சரளா கட்டிலில் உட்கார்ந்தாள். வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்தாள். போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, மகள் கேட்கட்டும் என்று மூச்சை விட்டாள்.